பத்து வார ராஜா

பெர்லினுக்கு அருகே பேலிட்ஸ் மணலில் விளையும் வெள்ளை ஆஸ்பாரகஸ், ஒவ்வொரு வசந்தத்திலும் ஜெர்மானியச் சமையலறைகளை ஆட்டிப்படைக்கிறது. தோல் சீவுவது வீட்டுக்காரர்கள். மண்ணைக் கீறுவது யார்?

மே மாதம். விடியற்காலை ஐந்து மணி. பெர்லினிலிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், பேலிட்ஸ் நகரைச் சுற்றியுள்ள மணல் வயல்களில் இன்னும் குளிர் விடவில்லை. முழங்கால் உயரத்துக்கு அணைத்துவிட்ட மண் வரப்புகள் கண்ணுக்கு எட்டும் வரை நீள்கின்றன. அவற்றின் மேல் பிளாஸ்டிக் விரிப்புகள். விரிப்பை ஒதுக்கி, குனிந்தபடியே நகர்கிறார்கள் ஆண்களும் பெண்களும். அவர்கள் தேடுவது ஒரு விரிசலை. வழவழவென்று தேய்த்துவிட்ட மண்ணில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தால், அங்கே ஒரு தண்டு தலையெடுக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். விரல்களால் மண்ணைக் கிளறி, தண்டின் ஓரமாகக் குழி பறித்து, நீண்ட கத்தியை உள்ளே செலுத்தி ஒரு வெட்டு. வெள்ளை வெளேரென்று, ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல், விரல் பருமனில் வெளியே வருகிறது தண்டு. குழியை மூடி, கொத்தனார் கரணை போன்ற ஒன்றால் மண்ணைத் தேய்த்துவிட்டு அடுத்த விரிசல். இப்படியே மதியம் வரை. வரப்புகளுக்கு நடுவே கேட்கும் பேச்சு பெரும்பாலும் ஜெர்மன் அல்ல. ருமேனிய மொழி, கொஞ்சம் போலிஷ்.

சில மணி நேரம் கழித்து, பெர்லினில் ஒரு அடுக்குமாடி வீட்டின் சமையலறை. மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் காலையில் வெட்டிய அதே தண்டுகளைப் பரப்பியிருக்கிறார்கள். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை உட்கார்ந்து தோல் சீவுகிறது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் லட்சக்கணக்கான வீடுகளில் இதுதான் காட்சி. வயலுக்கும் இந்த மேஜைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அந்தத் தூரத்தை யார், என்ன விலைக்குக் கடக்கிறார்கள் என்பதில்தான் இந்தக் காயின் கதை இருக்கிறது.

ஜெர்மானியர்கள் இதை ஷ்பார்கெல் என்கிறார்கள். உலகம் அறிந்த பெயர் ஆஸ்பாரகஸ். தமிழர்களுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு - சதாவரி - இதன் பங்காளிதான். தாவரவியல்படி இரண்டும் ஒரே பேரினம். நம்மவர்கள் வேரை எடுத்து லேகியம் கிண்டினார்கள். ஐரோப்பியர்கள் வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து கிளம்பும் குருத்தைத் தின்றார்கள். குருத்து வெளிச்சத்துக்கு வந்தால் பச்சை. வெளிச்சம் படாமல் மண்ணை அணைத்து வளர்த்தால் வெள்ளை. செடி ஒன்றே. மண்ணைப் பிளந்துகொண்டு தலைகாட்டிய சில மணி நேரத்திலேயே நுனி ஊதாவாக மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் விடியும் முன்பே வயலுக்குப் போகிறார்கள். வெயில் கடுமையாக இருக்கும் நாள்களில் இரண்டு தடவை போகவேண்டியிருக்கிறது.

இத்தாலியர்களும் பிரிட்டிஷ்காரர்களும் பச்சையை விரும்புகிறார்கள். ஜெர்மானியர்களுக்கு வெள்ளை மீதுதான் மோகம். 'வெள்ளைத் தங்கம்', 'ராஜ காய்கறி' என்றெல்லாம் பட்டப்பெயர்கள். ராஜ சம்பந்தம் பொய்யல்ல. ரோமானியர்கள் காலத்திலேயே இது பிரசித்தம். காரியம் சட்டென்று முடியவேண்டும் என்றால் ஆஸ்பாரகஸ் வேகும் நேரத்தை உவமையாகச் சொல்வது அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் வழக்கம் என்று சூடோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். பிரான்ஸின் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் சீசன் இல்லாத காலத்திலும் இதை விளைவிக்க ஏற்பாடு செய்தார். தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வெட்சிங்கன் நகரமும் அரண்மனைத் தோட்டத்தில் தொடங்கிய தன் ஆஸ்பாரகஸ் பாரம்பரியத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. ஆஸ்பாரகஸ் விற்கும் பெண்மணிக்கு அங்கே அரண்மனை எதிரிலேயே ஒரு சிலை உண்டு.

பேலிட்ஸின் கதையில் அரண்மனை இல்லை. ஆயிரக்கணக்கில்தான் மக்கள்தொகை கொண்ட ஒரு சிறு நகரம். பனியுகம் விட்டுச்சென்ற மணல் பூமி. கோதுமைக்கு லாயக்கில்லாத அந்த மணலே ஆஸ்பாரகஸுக்கு வரப்பிரசாதம்: சீக்கிரம் சூடேறும், தண்ணீர் தேங்காது, குருத்து வளையாமல் நேராக மேலே வரும். 1861-இல் கார்ல் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ஹெர்மான் என்ற உள்ளூர்வாசி இதை முதன்முதலாக வயல் பயிராகச் சாகுபடி செய்தார். பக்கத்திலேயே பெர்லின். நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டிருந்த தலைநகரம். அதில் நல்ல சாப்பாட்டுக்குச் செலவழிக்கத் தயாராக இருந்த குடும்பங்கள். சில பத்தாண்டுகளில் பேலிட்ஸ் என்றாலே ஆஸ்பாரகஸ் என்றாகிவிட்டது.

பிறகு சரித்திரம் குறுக்கே வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பேலிட்ஸ் கிழக்கு ஜெர்மனியில் மாட்டிக்கொண்டது. அதன் பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மேற்கு பெர்லினில். 1961-இல் நடுவே சுவர் எழுந்தது. குனிந்து குனிந்து ஒவ்வொரு தண்டாக வெட்டவேண்டிய பயிர், இயந்திரங்களை நம்பிய கூட்டுப்பண்ணைகளுக்கு ஒத்துவரவில்லை. விளைநிலம் சுருங்கியது, சாதாரணக் கடைகளில் ஆஸ்பாரகஸ் அபூர்வமானது. சுவர் விழுந்த பிறகு, உள்ளூர்க் குடும்பங்களும் மேற்கிலிருந்து வந்த விவசாயிகளும் மறுபடி வரப்பு அணைத்தார்கள். இன்று பேலிட்ஸைச் சுற்றி ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இந்தப் பயிர்தான். 2018-இல் 'பேலிட்ஸ் ஆஸ்பாரகஸ்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது - டார்ஜிலிங் தேயிலைக்குக் கிடைத்தது போல. ஜூன் தொடக்கத்தில் ஊரில் திருவிழா நடக்கும். கிரீடம் சூட்டிய 'ஆஸ்பாரகஸ் ராணி' ஊர்வலம் வருவார்.

ஊருக்கு வெளியே, பைன் மரக் காட்டுக்குள் இன்னொரு பேலிட்ஸ் இருக்கிறது. பெர்லின் தொழிலாளர்களின் காசநோய்க்காக 1898-இல் கட்டத் தொடங்கிய பிரம்மாண்டமான சிகிச்சை விடுதிகள். 1916-இல் காயமடைந்த சிப்பாயாக ஹிட்லர் இங்கே சிகிச்சை பெற்றார். போருக்குப் பின் சோவியத் ராணுவ மருத்துவமனை; பதவியிழந்த கிழக்கு ஜெர்மானியத் தலைவர் எரிக் ஹோனெக்கர் 1990-இல் தஞ்சம் புகுந்ததும் இங்கேதான். ரஷ்ய ராணுவம் 1994-இல் வெளியேறிய பிறகு பாழடைந்த கட்டடங்களின் மேலாக, மர உச்சி உயரத்தில் 2015-இல் ஒரு நடைபாலம் திறக்கப்பட்டது. வசந்தத்தில் பெர்லின்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் எளிமையானது: காலையில் நடைபாலம், மதியம் பண்ணையில் சாப்பாடு, திரும்பும்போது கையில் இரண்டு கிலோ ஆஸ்பாரகஸ்.

ஊருக்கு வரமுடியாதவர்களைத் தேடி ஆஸ்பாரகஸே போகிறது. ஏப்ரல் மத்தியில் பெர்லின் தெருமுனைகளிலும் ரயில் நிலைய வாசல்களிலும் சிறு மரக் கடைகள் முளைக்கின்றன. சீசன் தொடக்கத்தில் கிலோ 15 யூரோவைத் தாண்டுவது சகஜம். மே மாதம் பிறந்து வரத்து கூடியதும் விலை இறங்கும். முதல் தரம் என்பது நேரான, பருமனான, நுனி மூடிய வெள்ளைத் தண்டு. வளைந்தது, உடைந்தது, நுனி ஊதா படர்ந்தது எல்லாம் மலிவு. ருசியில் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது கைதேர்ந்த இல்லத்தரசிகளுக்குத் தெரியும். சூப்புக்கு உடைந்ததுதான் வாங்குவார்கள்.

வாங்குவதில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். வெட்டிய இடம் ஈரமாக, வெளுப்பாக இருந்தால் இன்று வெட்டியது. காய்ந்து பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பழையது. அடியை லேசாக அழுத்தினால் சாறு கசியவேண்டும். அதில் புளிப்பு வாடை வரக்கூடாது. கடைசிப் பரீட்சை காதுக்கு: இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று உரசினால் 'கீச்' என்று சத்தம் வரவேண்டும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும்.

வெட்டிய கணத்திலிருந்தே தண்டு இனிப்பை இழக்கத் தொடங்குகிறது. நார் முற்றத் தொடங்குகிறது. எனவே அன்றே சமைப்பது உத்தமம். முடியாவிட்டால் ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிஜ்ஜின் அடித்தட்டில் வைக்கலாம். இரண்டு மூன்று நாள் தாங்கும். தண்ணீரில் ஊறப்போடக்கூடாது. ருசி தண்ணீரோடு போய்விடும்.

அடுத்தது தோல் சீவல். இதில்தான் சமையலின் வெற்றியும் தோல்வியும். பச்சை ஆஸ்பாரகஸுக்கு அடியில் மூன்றில் ஒரு பங்கைச் சீவினால் போதும். வெள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. மண்ணை முட்டிக்கொண்டு வளர்ந்ததால் அதன் தோல் தடிப்பு. வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றிச் சுற்றி எடுப்போமே, அதுபோல ஒரு நார் உள்ளே ஓடுகிறது. அது ஒரு இழை மிஞ்சினாலும் வாயில் சிக்கும். முற்றின முருங்கைக்காயை மென்று சக்கையைத் துப்புவது நமக்குப் பழக்கம். ஜெர்மானிய விருந்தில் அது நடக்காது. தண்டின் தலை மென்மையானது, தொட்டால் ஒடியக்கூடியது. எனவே தண்டை உள்ளங்கையிலும் முன்கையிலுமாகக் கிடத்தி, தலைக்குச் சற்றுக் கீழே தொடங்கி, அடியை நோக்கி ஒரே இழுப்பாகச் சீவவேண்டும். உருட்டி உருட்டிச் சுற்றிலும். மேலே மெல்லிசாக, கீழே போகப் போகத் தடிமனாக. கடைசியில் அடியிலிருந்து ஓரிரு சென்டிமீட்டரை நறுக்கி எறிய... இல்லை, எறியக்கூடாது.

காரணம், தோலும் அடிக்கட்டையும்தான் இந்தச் சமையலின் ரகசியம். தண்டுகளைச் சீவுவதற்கு முன்பே நன்றாகக் கழுவிவிட்டால், சீவிய தோலைத் தனியாகத் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிடலாம். வடிகட்டிய அந்தத் தண்ணீரிலேயே தண்டுகளை வேகவைத்தால் ருசி வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே போகிறது. தண்ணீரில் உப்பு, கசப்பை அடக்க ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய். வெளுப்பு மாறாமல் இருக்க எலுமிச்சை ஒரு வில்லை போடுவதா வேண்டாமா என்பதில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்துகிடக்கின்றன. எலுமிச்சை வாசனையைக் கெடுக்கும் என்பது ஒரு கட்சி. நிறம்தானே முதலில் கண்ணில் படுகிறது என்பது இன்னொரு கட்சி. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பது போன்ற தீராத வழக்கு.

பல ஜெர்மானிய வீடுகளில் இதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும்: குறுகலாக, உயரமாக, உள்ளே கம்பிக் கூடையோடு. தண்டுகளைக் கூடையில் நிமிர்த்தி நிறுத்தினால் தடித்த அடிப்பாகம் தண்ணீரில் வேகும், மென்மையான தலை ஆவியில் வேகும். வருடத்தில் பத்து வாரம் மட்டுமே பரணிலிருந்து இறங்கும் பாத்திரம். அது இல்லாதவர்கள் அகலமான பாத்திரத்தில் படுக்கப்போட்டு வேகவைக்கிறார்கள். தளதளவென்று கொதிக்கக்கூடாது, மெல்லக் குமிழி விட்டால் போதும். பருமனைப் பொறுத்து 12 முதல் 15 நிமிடம். பச்சைக்கு அதில் பாதி. நேரம் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஒரு தண்டை நடுவில் முட்கரண்டியால் தூக்கினால் இரண்டு முனைகளும் லேசாக வளையவேண்டும். விறைப்பாக நின்றால் வேகவில்லை. துவண்டு தொங்கினால் குழைந்துவிட்டது.

மேஜைக்கு வரும்போது கூட என்ன வருகிறது? சிறிய புது உருளைக்கிழங்கு, வேகவைத்தது. மெல்லிசாக நறுக்கிய ஹாம். மேலே ஊற்ற, உருக்கிய வெண்ணெய் அல்லது ஹாலந்தேஸ் சாஸ். இந்தச் சாஸ் புதிதாகச் சமைப்பவர்களுக்குச் சிம்ம சொப்பனம்: முட்டை மஞ்சள் கருவைக் கொதிநீரின் ஆவியில் வைத்து அடித்துக்கொண்டே, உருக்கிய வெண்ணெயை நூல் போல விடவேண்டும். சூடு கொஞ்சம் மிஞ்சினால் முட்டை திரிந்துவிடும். அவசரப்பட்டு வெண்ணெயை ஊற்றினால் பிரிந்துவிடும். அப்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி அடிக்க, பெரும்பாலும் சேர்ந்துவிடும். இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்பவர்கள், கிழக்குப் பகுதி வழக்கப்படி, ரொட்டித் தூளை வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவிக்கொள்கிறார்கள். தென்மேற்கே பாடன் பகுதியில் பிய்த்துப் போட்ட தோசை போன்ற முட்டை அடை. ஃப்ராங்கோனியாவில் வறுத்த சாசேஜ், கூடவே உலர்ந்த வெள்ளை ஒயின். ஆளுக்கு அரை கிலோ தண்டு என்பது கணக்கு. இது தொட்டுக்கொள்ளும் காய் அல்ல. இதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.

அந்தக் காலத்தில் இதைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவது அநாகரிகம். தண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளிக் கத்தியைக் கறுக்கவைத்ததுதான் காரணம். கையால் எடுத்துத் தலையிலிருந்து கடித்து வந்தார்கள். துருப்பிடிக்காத எஃகு வந்து அந்த விதியை உடைத்தது. அதே கந்தகம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஆஸ்பாரகஸ் சாப்பிட்ட சிறிது நேரத்தில் சிறுநீரில் ஒரு விசித்திர வாடை வரும். அந்த வாடையை முகரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள், மரபணு விவகாரம். விஞ்ஞானத்துக்கும் இந்தத் தண்டு பெரிய உபகாரம் செய்திருக்கிறது. 1806-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் வோக்லானும் ரோபிகேயும் இதன் சாற்றிலிருந்துதான் முதன்முதலாக ஒரு அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயரே ஆஸ்பராஜின்.

சாப்பாடு முடிந்து மிச்சமான வேகவைத்த தண்ணீர் மறுநாள் சூப்பாகிறது. வெண்ணெயில் மாவை வறுத்து, அந்தத் தண்ணீரை விட்டுக் கரைத்து, உடைந்த தண்டுத் துண்டுகளைப் போட்டு, கடைசியில் கொஞ்சம் கிரீம். தோல், அடிக்கட்டை, தண்ணீர் எதுவும் வீணாகவில்லை. விலை உயர்ந்த பொருள் வீட்டுக்கு வந்தால் சிக்கனமும் கூடவே வந்துவிடுகிறது.

ஏன் இத்தனை விலை? பதில் மறுபடி வயலுக்கு இட்டுச்செல்கிறது. ஆஸ்பாரகஸ் நட்டவுடன் தராது. மூன்றாவது ஆண்டில்தான் ஒழுங்கான அறுவடை. பிறகு எட்டு முதல் பத்து ஆண்டு விளைச்சல்; அதன்பின் அந்த நிலத்தில் உடனே மறுநடவு சரிப்படாது. வரப்பின் மேல் போர்த்தும் விரிப்புக்கு இரண்டு முகம்: கறுப்பு மேலே இருந்தால் மண் சூடாகிக் குருத்து விரையும், வெள்ளையைத் திருப்பிப் போட்டால் வேகம் குறையும். விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர வண்டி இருக்கிறது. கழுவ, தரம் பிரிக்க, தோல் சீவக்கூட இயந்திரம் வந்துவிட்டது. வெட்டுவதற்கு மட்டும் கைதான். மண்ணுக்குள் பக்கத்துக் குருத்தைக் காயப்படுத்தாமல் ஒன்றை மட்டும் எடுக்க அறுவடை ரோபோக்களைப் பல ஆண்டுகளாகப் பரிசோதிக்கிறார்கள். மனிதக் கைக்கு ஈடாக எதுவும் இன்னும் வயல்களை ஆக்கிரமிக்கவில்லை.

அந்தக் கை யாருடையது என்பதுதான் கேள்வி. 1990-களில் போலந்துக்காரர்கள் வந்தார்கள். எல்லை தாண்டினால் சில வாரங்களில் ஊரில் பல மாதங்களுக்கு ஈடான சம்பாத்தியம். உள்நாட்டில் வேலையில்லாதவர்களை இந்த வயல்களுக்கு அனுப்ப அரசு முயன்றது. 2006-இல் அறுவடைக்கு எடுக்கும் ஆள்களில் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டவராக இருக்கவேண்டும் என்று விதி செய்து பார்த்தது. பெரிதாகப் பலிக்கவில்லை. போலந்து 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2011-இல் அதன் குடிமக்களுக்கு ஜெர்மன் வேலைச் சந்தை முழுமையாகத் திறந்தது. குனிந்து நிமிர வேண்டாத வேலைகள் கிடைத்தபின் அவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அவர்கள் விட்ட இடத்துக்கு ருமேனியர்கள் வந்தார்கள். பண்ணையிலேயே பல பேர் சேர்ந்து தங்கும் விடுதிகள், கன்டெய்னர் அறைகள். குறுகிய காலப் பணி என்ற பிரிவில் வருகிறவர்களுக்கு ஓய்வூதியம் போன்ற சமூகக் காப்பீடு கிடையாது. திருப்பூருக்கோ கோவைக்கோ ரயிலேறி வரும் பிகார், ஒடிசா தொழிலாளர்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இராது.

இந்த ஏற்பாட்டை யாரும் அதிகம் பேசுவதில்லை - 2020 வரை. அந்த மார்ச்சில் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டன. அறுவடைக்கு வருபவர்களுக்கும் தடை. குருத்துகளுக்கு அது தெரியாது. அவை வந்துகொண்டிருந்தன. சில நாள்களிலேயே அரசு இறங்கிவந்தது: ஏப்ரலில் 40,000 பேர், மே மாதம் 40,000 பேர், விமானத்தில் மட்டும். ஏப்ரல் 9-ஆம் தேதி ருமேனியாவின் க்ளூஜ் விமான நிலையத்துக்கு வெளியே, ஊரடங்குக்கு நடுவே, முண்டியடித்து நின்ற கூட்டத்தின் படங்கள் ஐரோப்பாவைத் திடுக்கிடவைத்தன. நாடே வீட்டுக்குள் அடைந்திருக்க, ஒரு காய்கறிக்காக ஆயிரக்கணக்கானோர் பறந்தார்கள். அந்த மாதமே தென்மேற்கு ஜெர்மனியில் அறுவடைக்கு வந்திருந்த ருமேனியத் தொழிலாளி ஒருவர் கொரோனாவால் இறந்துபோனார். மே மாதம் போன் நகருக்கு அருகே ஒரு பண்ணையில் கூலி பாக்கி கேட்டு ருமேனியத் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜெர்மானியத் தொலைக்காட்சிகளில் அவர்களின் முகங்கள் தெரிந்தன. தோல் சீவிக்கொண்டிருந்த பல குடும்பங்களுக்கு, தண்டின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அன்றுதான் உறைத்தது.

விவசாயிகளிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2015-இல் மணிக்கு 8.50 யூரோவில் தொடங்கி 2022 அக்டோபரில் 12 யூரோவை எட்டியது, பின்னும் ஏறியது. அறுவடைச் செலவில் பெரும்பகுதி கூலிதான். ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் பக்கத்திலேயே கிரீஸ், ஸ்பெயின் சரக்கு குறைந்த விலையில் கிடக்கிறது. விலைவாசி ஏறிய ஆண்டுகளில் ஆஸ்பாரகஸ்தான் முதலில் வெட்டப்பட்டது - வயலில் அல்ல, வீட்டு பட்ஜெட்டில். ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல் விளைவித்து ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டில், அண்மை ஆண்டுகளில் விளைநிலம் சுருங்கிவருகிறது. கூலியைக் குறைத்தால் வெட்ட ஆள் வராது. விலையைக் கூட்டினால் வாங்க ஆள் வராது. இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறது ராஜ காய்கறி.

இந்தக் கணக்குகளெல்லாம் ஒரு நாளில் சட்டென்று நின்றுபோகின்றன. ஜூன் 24, புனித யோவான் திருநாள். செர்ரி சிவந்தால் ஆஸ்பாரகஸ் முடிந்தது என்று கிராமத்தார் சொல்வதும் இந்த நாளைத்தான். அதற்குப் பிறகும் குருத்து வரும், விலையும் கிடைக்கும். ஆனாலும் கத்தியை வைத்துவிடுகிறார்கள். செடி இலைவிட்டு, வெயிலைக் குடித்து, வேரில் சத்துச் சேர்த்தால்தான் அடுத்த ஏப்ரலில் மறுபடி குருத்து. இன்னும் நாலு நாள் பேராசைப்பட்டால் அடுத்த ஆண்டு அதற்கான விலையைக் கேட்கும். அறுவடையை எங்கே நிறுத்துவது என்று தேதி போட்டு வைத்திருக்கும் பயிர்கள் உலகில் அதிகம் இல்லை.

அன்று மாலை தெருமுனைக் கடைகள் கழற்றப்படுகின்றன. பெர்லின் வீடுகளில் உயரப் பாத்திரம் பரணேறுகிறது. பேலிட்ஸிலிருந்து பஸ்கள் கிழக்கு நோக்கிக் கிளம்புகின்றன. உள்ளே முதுகு வலியோடும் சம்பளப் பணத்தோடும் ஊர் திரும்புகிறவர்கள். சில வாரம் கழித்து அந்த வயல்களைப் பார்ப்பவர்களுக்கு அடையாளமே தெரியாது. வெட்டாமல் விட்ட குருத்துகள் இடுப்பு உயரத்துக்கு மேல் வளர்ந்து, பஞ்சுபோல விரிந்து, காற்றில் அலையடிக்கின்றன. தமிழ்நாட்டுக் கல்யாண வரவேற்புகளில் பூச்செண்டுக்குள் ரோஜாவுக்குப் பின்னால் செருகுவார்களே, அந்த மெல்லிய பச்சைத் தழை, அதுவும் இந்தப் பேரினம்தான். மேலே அழகாக அசைந்துகொண்டிருக்கும் தழையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். வேலை நடப்பது என்னவோ கீழே, கண்ணில் படாத இடத்தில்.